வாரத்தில் ஒரு நாள், வயல் வழியே ஒரு நடை

பிரான்சு நாட்டுத் தொழிலாளி கண்ட சுகம், ஸ்ரீராம்புரத்துக்குப் பக்கத்திலேயே காத்திருக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்ரீராம்புரம் தெருக்களில் கறிக்கடை வாசலில் வரிசை நீண்டிருக்கிறது. இட்லிக் கடைகளில் ஆவி பறக்கிறது. ஆறு நாள் உழைத்த உடம்பு இன்னும் கொஞ்சம் தூங்கச் சொல்கிறது. ஆனால் ஒற்றை அறை வீட்டில் பிள்ளைகள் விழித்துவிட்டால் யார் தூங்குவது? பகலில் ஒரு சினிமா, மாலையில் தெருமுனைப் பேச்சு, இரவில் மறுநாள் வேலையைப் பற்றிய கவலை. இப்படியே பலருக்கு விடுமுறை நாள் கழிந்துவிடுகிறது.

அதே காலையில், ஸ்ரீராம்புரத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள மல்லேஸ்வரம் ரயில் நிலையத்தைத் தாண்டி இந்துபுரம் பக்கம் பாசஞ்சர் வண்டிகள் போகின்றன. ஏறி உட்கார்ந்தால் சுமார் இரண்டு மணி நேரத்தில் ராகி வயல், புளியமரம், ஏரிக்கரை, பாறை மலை, முருகன் கோவில் எல்லாம் வந்துவிடும். அதற்குப் பிறகு இரண்டு கால்கள் போதும்.

"நடப்பதற்காக ஒருவன் காசு கொடுத்து ரயில் ஏறிப் போவானா?" என்று கேட்கலாம். போகிறார்கள். ஒரு நாட்டில் லட்சக்கணக்கான பேர் போகிறார்கள். அந்தக் கதையை முதலில் பார்ப்போம்.

பிரான்சில் நடந்தது

பிரான்சு என்றதும் பலருக்கு ஈபல் கோபுரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் பிரான்சு பெரும்பாலும் கிராமங்கள் நிறைந்த நாடு. உயர்ந்த பனிமலைகள் அதன் ஓரங்களில் இருக்கின்றன. உள்நாட்டில் இருப்பதெல்லாம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும் மேடுகள், திராட்சைத் தோட்டங்கள், கோதுமை வயல்கள், ஆற்றங்கரைகள். அவற்றின் நடுவே ஊருக்கு ஊர் போகும் மண்பாதைகள். பால் வண்டியும் ஆட்டு மந்தையும் போய்வந்த பாதைகள் அவை.

1936ஆம் ஆண்டு வரை அந்நாட்டுத் தொழிலாளியில் பெரும்பாலோர் அந்தப் பாதைகளில் ஓய்வாக நடந்தது கிடையாது. காரணம், அவர்களுக்குச் சம்பளத்துடன் விடுமுறை இல்லை. அந்த ஆண்டு மே, ஜூன் மாதங்களில் தொழிற்சாலைகளில் மாபெரும் வேலைநிறுத்தம் நடந்தது. லியோன் புளூம் தலைமையில் புதிதாக அமைந்த அரசு ஜூன் மாதத்திலேயே சட்டம் கொண்டுவந்தது. ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை! வாரத்துக்கு 40 மணி நேர வேலை!

விடுமுறை கிடைத்தது, போக்குவரத்துச் செலவுக்கு எங்கே போவது? அதற்கும் வழி பிறந்தது. விளையாட்டு, ஓய்வு விவகாரங்களைக் கவனித்த லியோ லக்ராஞ்சு என்பவர், தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் ரயில் கட்டணத்தில் 40 சதவிகிதம் தள்ளுபடி வாங்கித் தந்தார். அந்தக் கோடையில் லட்சக்கணக்கானோர் ரயில் ஏறினார்கள். கடலையே பார்த்திராத குடும்பங்கள் கடலைப் பார்த்தன. பலர் முதுகில் ஒரு பை, கையில் ஒரு கம்பு என்று கிராமப் பாதைகளில் இறங்கி நடந்தார்கள்.

அடுத்து உலகப் போர் வந்தது. போர் முடிந்த பின் 1947ஆம் ஆண்டு, நடைப்பிரியர்கள் கூடி ஒரு குழு அமைத்தார்கள். நெடுந்தூர நடைபாதைகளைக் கண்டுபிடித்து அடையாளம் போடுவது அதன் வேலை. அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் தேதி லுவார் ஆற்றின் கரையில், ஆர்லியான் நகருக்கும் போஜன்சி என்ற ஊருக்கும் இடையே முதல் பாதை திறக்கப்பட்டது.

அடையாளம் என்றால் பெரிய பலகை எதுவும் இல்லை. மரத்திலோ பாறையிலோ சுவரிலோ இரண்டு கோடுகள், அவ்வளவுதான். மேலே வெள்ளை, கீழே சிவப்பு. பாதை திரும்பும் இடத்தில் திருப்பத்தைக் காட்டும் குறி. தவறான பாதையில் பெருக்கல் குறி. மொழி தெரியாதவனும் வழி தவறாமல் போய்விடலாம். இந்தக் கோடுகளைப் போடுவதும், மழையில் அழிந்தால் மறுபடி தீட்டுவதும், முள் மண்டினால் வெட்டுவதும் ஆயிரக்கணக்கான தொண்டர்கள். கூலி வாங்காமல் செய்கிறார்கள். இன்று அந்நாட்டில் இப்படி அடையாளம் போட்ட பாதைகளின் நீளம் 1 லட்சத்து 80 ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். வழியில் தங்குவதற்குக் குறைந்த வாடகையில் படுக்கை கிடைக்கும் விடுதிகள் உண்டு. நம் ஊர்ச் சத்திரம் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

கழுதையுடன் நடந்த எழுத்தாளர்

இந்தப் பாதைகளில் சில மிகப் பழையவை. லெ புய் என்ற ஊரிலிருந்து ஸ்பெயின் நாட்டுப் புனிதத் தலமான சந்தியாகோவுக்கு யாத்திரிகர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நடந்த வழி இன்றும் இருக்கிறது. பக்திக்காக நடப்பவர்களும் காற்று வாங்க நடப்பவர்களும் அதில் சேர்ந்தே போகிறார்கள்.

இன்னொரு பாதை ஓர் எழுத்தாளரின் பெயரால் அழைக்கப்படுகிறது. 'புதையல் தீவு' கதையை எழுதிய ஆர். எல். ஸ்டீவன்சன், 1878ஆம் ஆண்டு சுமை தூக்க ஒரு கழுதையை வாங்கிக்கொண்டு, செவென் மலைப்பகுதியில் பன்னிரண்டு நாள் நடந்தார். கழுதையின் பெயர் மொதெஸ்தின். அது நடக்க மறுத்து அவரைப் படுத்திய பாட்டைப் புத்தகமாகவே எழுதினார். இன்றும் அந்த வழியில் கழுதையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள் உண்டு!

பாதை காணாமல் போனது

ஆனால் ஒரு சங்கதி. போருக்குப் பின் பிரான்சில் டிராக்டர் வந்தது. சிறு சிறு நிலங்களைச் சேர்த்துப் பெரிய நிலங்களாக்கினார்கள். நடுவில் ஓடிய பழைய பாதைகள் பல உழுது மறைக்கப்பட்டன. சில பாதைகளை ஊர்ச் சபைகளே விற்றுவிட்டன. "யாரும் நடக்காத பாதைதானே" என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

நடப்பவர்கள் குரல் எழுப்பினார்கள். 1983ஆம் ஆண்டு சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு மாவட்டமும் தன் நடைபாதைகளுக்கு ஒரு பட்டியல் வைக்கவேண்டும். பட்டியலில் உள்ள ஊர்ப்பாதையை விற்பதானால், நடப்பவர்களுக்குத் தகுந்த மாற்றுப் பாதை கொடுத்தாக வேண்டும். யாரும் நடக்காத பாதை அழிந்தது. ஆட்கள் நடந்த பாதை பிழைத்தது. இதுதான் அந்தக் கதையின் சாரம்.

நமக்குப் புதிதா?

தமிழனுக்கு நடை புதிதல்ல. தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி எடுத்து நடக்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. திருவண்ணாமலையில் பவுர்ணமி தோறும் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி வருகிறார்கள். வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் காவி உடுத்திப் பெங்களூரிலிருந்தே நடந்து போகிறவர்கள் உண்டு. வழிநடப்பவன் தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் நட்டதும், தங்கச் சாவடி கட்டியதும், வெயில் காலத்தில் தண்ணீர்ப் பந்தல் வைத்ததும் நம் முன்னோர்கள்தான். பிரான்சுக்காரன் போடும் வெள்ளை, சிவப்புக் கோட்டுக்கு நம் ஊர்ச் சுமைதாங்கி அண்ணன்முறை ஆகவேண்டும்.

விடுமுறையும் நமக்குச் சும்மா கிடைத்ததல்ல. பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளிக்கு ஒரு காலத்தில் வார விடுமுறையே கிடையாது. நாராயண் மேகாஜி லோகாண்டே என்பவர் ஆண்டுக்கணக்கில் போராடினார். 1890ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதிதான் ஆலை முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்கு இணங்கினார்கள்.

ஸ்ரீராம்புரத்துக்கு இது சொந்தக் கதை மாதிரி. பின்னி மில், மினர்வா மில், ராஜா மில் என்று ஆலைச் சங்கு ஊதியபோது எழுந்து ஓடியவர்களின் பிள்ளைகளும் பேரன்களும்தான் இங்கே நிறைய இருக்கிறார்கள். அந்த ஆலைகள் இன்று இல்லை. கட்டட வேலை, அச்சக வேலை, கடைக் கணக்கு, ஆட்டோ, அலுவலகம் என்று பிழைப்பு மாறிவிட்டது. சங்கு போய்விட்டது; ஓட்டம் போகவில்லை. பலருக்கு ஞாயிறு விடுமுறைகூட உறுதியில்லை. அதனால்தான் கிடைக்கிற ஒரு நாளை வீணாக்கலாகாது.

மல்லேஸ்வரத்தில் ஏறுங்கள்

இனி நம் பாதைக்கு வருவோம். போகவேண்டிய ரயில் நிலையத்தின் பெயர் மாக்களிதுர்க்கா. யஸ்வந்தபுரம், எலகங்கா, ராஜானுகுண்டே, தொட்டபள்ளாபுரம், ஒட்டரஹள்ளி என்ற ஊர்களைத் தாண்டி வருகிறது. எக்ஸ்பிரஸ் வண்டிகள் இங்கே நிற்காது. பாசஞ்சர், மெமு வண்டிகளில் எவை நிற்கின்றன, திரும்பும் வண்டி எப்போது என்று முதல் நாளே நிலையத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும். திரும்பும் வண்டியைத் தெரிந்துகொள்ளாமல் போகிறவன் பாடு திண்டாட்டம். செலவு? குடும்பத்தோடு ஒரு சினிமாவுக்குப் போகும் காசில், குடும்பமே ரயிலில் போய்த் திரும்பிவிடலாம்.

எலகங்காவரை நகரம் விடுவதில்லை. ராஜானுகுண்டே தாண்டினால்தான் கண்ணுக்குப் பச்சை தெரியும். தொட்டபள்ளாபுரம் விசைத்தறி ஊர். பட்டுச் சேலை நெய்யும் தறிச் சத்தம் தெருவுக்குத் தெரு கேட்கும். சுற்றுப்புறத்தில் திராட்சைத் தோட்டங்கள் உண்டு. 'பெங்களூர் நீலம்' என்று கடைகளில் விற்கும் கருந்திராட்சை பெங்களூரைச் சுற்றிய இந்தச் சீமையில் விளைவதுதான். அதற்கு மேல் ரயில் பாறைக் குன்றுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். பிள்ளைகளுக்கு ஜன்னல் ஓரம் கொடுத்துவிடுங்கள்.

தண்டவாளத்தில் நடக்காதீர்கள்!

இங்கே ஓர் எச்சரிக்கை. மாக்களிதுர்க்காவுக்கு மலை ஏற வரும் இளைஞர்களில் பலர் தண்டவாளத்தின் மீதே நடந்து போகிறார்கள். படம் எடுத்துக்கொள்கிறார்கள். இது உயிருக்கு உலை வைக்கும் வேலை. பாதை வளைவானது. எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியாது. மின்சார இஞ்சின் பழைய நீராவி இஞ்சின் போல ஒரு மைலுக்கு முன்பே சத்தம் போட்டுக்கொண்டு வராது. பளுவேற்றிய சரக்கு வண்டியை டிரைவர் நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி தண்டவாளத்தில் நடப்பது குற்றமும்கூட. நிலையத்தை விட்டு வெளியே வந்து, ஊர்ச் சாலையைப் பிடித்து நடப்பதுதான் முறை.

மலை உச்சியில் பழைய கோட்டைச் சுவரும், சிவன் கோவிலும், நந்தியும் இருக்கின்றன. மார்க்கண்டேயர் தவம் செய்த இடம் என்பது ஐதீகம். மலை ஏற விரும்புகிறவர்கள் கர்நாடக வனத்துறையின் இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்து கட்டணம் கட்டவேண்டும். ஏற்றம் கடினமானது. சிறு பிள்ளைகளையும் வயதானவர்களையும் வைத்துக்கொண்டு ஏறுவது உசிதமல்ல. அவர்களுக்கு உகந்தது கீழே செல்லும் வழி.

வயல் வழியே முருகனிடம்

கீழ்வழி போகுமிடம் காட்டி சுப்ரமண்யா. சில மைல் தூரம். "காட்டிகெ தாரி யாவுது அண்ணா?" என்று கேட்டால் வயலில் வேலை செய்பவர் கையை நீட்டி வழி சொல்வார். தெரிந்த கன்னடத்தில் நாலு வார்த்தை பேசினால் போதும், மோர் கொடுக்கும் வீடுகளும் உண்டு.

எந்த மாதம் போனாலும் ஒரு காட்சி உண்டு. மழைக்குப் பின் ராகி பச்சைப் பாய் விரித்திருக்கும். கார்த்திகை மார்கழியில் கதிர் முற்றிக் குனிந்து நிற்கும். அதே பருவத்தில் அவரைக்காய் வாசம் வழியெல்லாம் தூக்கும். கோடையில் புளியமர நிழலும் புங்க மர நிழலும் துணைக்கு வரும். மேடு ஏறினால் மூச்சு வாங்கும். இறங்கினால் ஏரிக் காற்று அடிக்கும். பிரான்சுக்காரன் தேடி நடக்கும் இயற்கைக்கு இது எந்த விதத்திலும் இளைத்ததல்ல.

காட்டிக் கோவிலில் ஓர் அதிசயம் உண்டு. ஏழு தலை நாகமாக எழுந்தருளியிருக்கும் முருகன் கிழக்கு நோக்கி இருக்கிறார். அதே கல்லில் பின்புறம் நரசிம்மர் மேற்கு நோக்கி இருக்கிறார். இருவரையும் ஒரே இடத்திலிருந்து தரிசிக்கும்படி பின்னால் கண்ணாடி பொருத்தியிருக்கிறார்கள். பிள்ளை வரம் வேண்டியவர்கள் பிரதிஷ்டை செய்த நாகக் கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. புஷ்ய மாதம் வளர்பிறைச் சஷ்டியில் தேர்த் திருவிழா.

அதையொட்டி டிசம்பர், ஜனவரியில் இங்கே நடக்கும் மாட்டுச் சந்தை பேர்பெற்றது. ஹள்ளிகார் காளைகளைக் கொம்பு சீவி, சலங்கை கட்டி, பந்தல் போட்டு நிறுத்தியிருப்பார்கள். காளையைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கும் நகரத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய பாடம். கால்நடையாய்ப் போய்க் கால்நடைச் சந்தையைப் பார்ப்பது என்றால் இதுதான்!

நடக்க முடியாத பெரியவர்கள் தொட்டபள்ளாபுரத்தில் இறங்கிப் பஸ்ஸில் கோவிலுக்கு வந்துவிடலாம். இளையவர்கள் நடந்து வந்து அங்கே சேர்ந்துகொள்ளலாம். கட்டுச்சோற்றைப் பிரித்து உட்கார்ந்தால் அதற்கு ஈடான விருந்து எந்த ஓட்டலிலும் கிடையாது. குரங்குகள் மட்டும் ஜாக்கிரதை!

சொந்த ஊருக்குப் போகும் தண்ணீர்

நடக்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு விஷயம் உண்டு. கிழக்கே சிறிது தூரத்தில் இருக்கிறது நந்தி மலை. உயரம் 1,478 மீட்டர். அந்த மலையும் அதன் பக்கத்துக் குன்றுகளும் பல ஆறுகளுக்குத் தாய்வீடு. தென்பெண்ணை அங்கே பிறந்து கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாகக் கடலூர்ப் பக்கம் கடலில் சேருகிறது. பாலாறு அந்தச் சீமையில் தொடங்கி வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று போகிறது. அர்க்காவதி நந்தி மலையில் புறப்பட்டு, தொட்டபள்ளாபுரம் வழியாக வந்து, கனகபுரத்துக்குத் தெற்கே காவிரியில் கலக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெங்களூருக்கு முதன்முதலாகக் குழாய்த் தண்ணீர் தந்தது அர்க்காவதி மீது கட்டிய ஹெசரகட்டா ஏரிதான்.

ஸ்ரீராம்புரத்துத் தமிழர்களில் எத்தனையோ பேருக்குப் பூர்வீகம் வேலூர், திருவண்ணாமலை, தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம். தாத்தா பிழைப்புத் தேடி ஆற்றுக்கு எதிர்த்திசையில் மேலே ஏறி வந்தார். ஆறு அவர் விட்டு வந்த ஊரைப் பார்த்துக் கீழே போகிறது. ஊர்ப் பக்கம் போய் வருடக்கணக்கான குடும்பங்களும் உண்டு. அவர்கள் இந்த மண்ணில் நின்று பேரனுக்கு ஆற்றின் பெயரைச் சொன்னால், அவன் எந்த ஊர்ப் பிள்ளை என்பதையும் சேர்த்துச் சொன்னதாகும்.

இந்தப் பாதை எத்தனை நாள்?

பெங்களூர் வடக்கே வளர்ந்துகொண்டே போகிறது. எலகங்காவைத் தாண்டி மனைப் பிரிவுகள் வந்துவிட்டன. நேற்று ராகி விளைந்த இடத்தில் இன்று கம்பி வேலியும், பெயர்ப் பலகையும், காவல்காரரும். வேலி வந்த இடத்தில் முதலில் காணாமல் போவது ஒற்றையடிப் பாதைதான். கிராம வரைபடங்களில் வண்டிப் பாதையும் கால்வழியும் குறிக்கப்பட்டிருக்கின்றன. காகிதத்தில் கோடு இருந்தும், தரையில் ஆள் நடமாட்டம் இல்லையென்றால் வேலி போடுகிறவனுக்குத் தைரியம் வந்துவிடும். பிரான்சில் நடந்ததும் இதுதான். அங்கே நடப்பவர்கள் சேர்ந்து சட்டம் கொண்டுவந்தார்கள். இங்கே பாதைக்கு முதல் காவல் அந்தக் கிராமத்து விவசாயி. இரண்டாவது காவல், அவ்வப்போது வந்து அதில் நடக்கும் நகரத்துக்காரர்.

ஆனால் நடப்பவர்களுக்கும் கடமை உண்டு. பயிரில் கால் வைக்கக் கூடாது. வேலிப் படலைத் திறந்தால் மறுபடி மூடிவிட்டு வரவேண்டும். பிளாஸ்டிக் பை, பாட்டில் எதையும் போட்டுவிட்டு வரக் கூடாது. மாடு தின்றால் அதன் உயிருக்கே ஆபத்து. கிணற்றிலும் ஏரியிலும் இறங்கிக் குளிக்கக் கூடாது. குடிபோதையில் கூச்சல் போடுகிறவர்கள் போனால், அடுத்த வாரம் நல்லவர்களுக்கும் அந்த ஊரில் மோர் கிடைக்காது. தண்ணீர், தொப்பி அல்லது துண்டு, தேய்ந்துபோகாத செருப்பு, பிள்ளைகளுக்குத் தின்பண்டம் இவை போதும். காலையில் சீக்கிரம் நடக்கவேண்டும். இருட்டுமுன் ரயிலடிக்கு வந்துவிட வேண்டும்.

திரும்பும் வண்டியில் பிள்ளைகள் மடியில் தூங்கிவிடும். கால் வலிக்கும். மறுநாள் திங்கட்கிழமை, வழக்கம்போல வேலை காத்திருக்கும். ஆனால் அந்த ஒரு நாளை முதலாளியும் கடன்காரனும் தொட முடியாது. அது நடந்தவனுக்கே சொந்தம். அந்த நாளைத் தொழிலாளிக்கு வாங்கிக் கொடுக்க லோகாண்டே போன்றவர்கள் எத்தனையோ ஆண்டு பாடுபட்டார்கள். மல்லேஸ்வரத்தில் ஒரு டிக்கெட் வாங்குவது அவ்வளவு பெரிய பாடு இல்லையே!